பதினேழாம் தட்டு

குவோபியோவில் இன்று மைனஸ் இருபத்தொன்று.
ஏரி கெட்டிப்பட்டு
அதன் மேல் கார் ஓட்டுகிறார்கள்.
எங்கள் ஆய்வகத்தின் வெதுப்புப் பெட்டிக்குள் மட்டும்
எப்போதும் முப்பத்தேழு,
ஓர் உடம்புக்குள் இருப்பதுபோல.

என் வேலை சாவை எண்ணுவது.
நுண்ணோக்கியில் கண்ணை வைத்து
இடது கையால் எண்ணியை அழுத்துகிறேன்.
க்ளிக். ஒன்று.
க்ளிக்.
விருந்துகளில் என்ன வேலை என்று கேட்டால்
கணக்கெடுப்பு என்று சொல்லி
உருளைக்கிழங்கின் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

தட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஏதோ ஒரு குடலில் கிள்ளியெடுத்த
ஏதோ ஒரு கட்டியின் செல்கள்.
யாருடையவை என்று கேட்கக் கூடாது. விதி.
போன மாதம் என் தம்பி உர்போ
ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டான்.
போன மாதம்தான் பதினேழாம் தட்டு வந்தது.
நான் கேட்கவில்லை.

ஐந்தாம் குரோமோசோமில் ஓர் எழுத்துப் பிசகு.
அப்பாவிடம் இருந்தது.
ரயில் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தவர்
நாற்பத்தொன்றில் கழன்றுகொண்டார்.
பூவா தலையா என்று சுண்டிவிட்டதில்
எனக்குப் பூ.
உர்போவுக்கு
இருபத்தொன்பது வயதில் பெருங்குடலை எடுத்தார்கள்.
மிஞ்சிய ஒரு சாணில்
மழைக்குப் பிந்திய காளான் மாதிரி
முளைத்துக்கொண்டே இருக்கிறது.

மஞ்சள் மாத்திரை அவனுடையது.
மூட்டு வீங்கியவர்கள் விழுங்குவது.
அதற்கு இன்னொரு தொழிலும் தெரியும்.
பதினேழில் அதைத்தான் கரைத்துவிட்டிருக்கிறோம்.

முதலில் ஒன்றும் நடப்பதில்லை. காபி குடிக்கலாம்.
பிறகு செல்லின் தோலில்
அழைப்பு மணிகள் முளைக்கின்றன,
ஒன்றிரண்டு இருந்த இடத்தில் பத்து, இருபது.
யாரோ அழுத்துகிறார்கள்.
உள்ளே ஒரு புரதம் துண்டாகிறது,
துண்டு ஓடிப்போய்
உலையின் சுவரில் ஓட்டை போடுகிறது.
அதுவரை சோறு போட்ட உலை அது.
அங்கிருந்து கசிவது
கத்திகளை உறையிலிருந்து உருவுகிறது.
கத்திகள் வெளியாருடையவை அல்ல,
பிறந்த நாள் முதல் அந்த வீட்டிலேயே கிடந்தவை.
மருந்து கொல்கிறது என்று அறிக்கையில் எழுதுகிறோம்.
சாக மறந்த ஒன்றுக்கு
அதை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்
என்று எனக்குத் தோன்றும்.

குமிழ் குமிழாகக் கொதித்து,
தன்னைத் தானே சின்னப் பொட்டலங்களாகக் கட்டி,
வருகிறேன் என்று சொல்லாமல்
போகிறேன் என்றே சொல்லிவிட்டு,
அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிக்கொள்ள
காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடுகிறது.
சிவப்பில்லை, சூடில்லை, சீழில்லை.
வீக்கத்துக்கான மருந்து
வீக்கமில்லாத சாவைத் தருகிறது.

பதினெட்டாம் தட்டில் மருந்து கிடையாது. ஒப்பிடுவதற்காக.
அங்கே யாரும் சாவதில்லை, அநேகமாக.
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி
இடம் போதாமல் இன்னும் இன்னும் பெற்று...
சாவே இல்லாத ஊர் கேட்பவர்களை
ஒருநாள் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

இந்த மாத்திரையும் சும்மா வேலை செய்வதில்லை.
நவம்பரில் உர்போவின் இரைப்பையை அரித்தது,
கறுப்பாகப் போனது என்றான், தார் போல.
மூன்று வாரம் நிறுத்தினார்கள்.
அந்த மூன்று வாரம்
நான் தட்டுகளைப் பார்த்தபோதெல்லாம்
பதினெட்டாம் எண்தான் முதலில் கண்ணில் பட்டது.
இப்போது பாதி அளவு, ஓட்ஸ் கஞ்சிக்குப் பிறகு.
பனிவாரி வண்டியின் வெயில் மறைப்பில்
அட்டையைச் செருகி வைத்திருக்கிறான்.

ஆறு மணிக்குத் தெருவை வாரிக்கொண்டே கூப்பிடுகிறான்.
வுவோக்கோ, இன்றைக்கு எத்தனை?
நானூற்றுப் பன்னிரண்டு.
எத்தனையில்?
ஆயிரத்தில்.
இரும்பு அலகு தாரில் உரசும் சத்தம்
கொஞ்ச நேரம்.
பாதிகூட இல்லையே.
இல்லை, என்கிறேன்.
மறுபடி அந்தச் சத்தம்.
சரி, வாசலிலிருந்து உன் காரை எடு,
பத்து நிமிஷத்தில் அங்கே வருகிறேன்.